மூடி வெச்ச லேப்டாப் ராத்திரி முழுக்க என்ன பண்ணுது? தூங்காத எஸ்எஸ்டி-யும் காலியாகும் பேட்டரியும்!

காலை ஆறே கால் மணி. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். மதுரையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். ஒன்பது மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. காலேஜில் செய்த ப்ராஜெக்ட்டை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

"அண்ணா, லேப்டாப் ஆன் ஆகவே மாட்டேங்குது. பைக்குள்ள கையை விட்டா சுடுது!"

"ராத்திரி சார்ஜ் போட்டியா?"

"74 பர்சன்ட் இருந்துச்சுண்ணா. ஒன்பதரைக்கு மூடிப் பைக்குள்ள வெச்சேன். அதுக்கப்புறம் தொடவே இல்லை."

பக்கத்து டீக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பிளக் பாயின்ட் பிடித்து, எப்படியோ இன்டர்வியூவுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆனால், முந்தைய இரவு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாற்றிய ஸ்லைடுகளை அவள் சேவ் செய்திருக்கவில்லை. அது போனது போனதுதான்.

"மூடி வெச்சா தூங்கத்தானே செய்யணும்?" என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். "பேட்டரி வீக் ஆயிடுச்சு போல" என்று நினைத்து விட்டிருப்பீர்கள். பல நேரங்களில் பேட்டரி மேல் எந்தத் தப்பும் இருக்காது. உள்ளே ஒருத்தர் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். அந்த ஒருத்தர் பெரும்பாலும் யாரும் சந்தேகப்படாத ஆள். அவர் பெயர் எஸ்எஸ்டி.

முதல்ல ஒரு சின்ன கணக்கு

அவள் லேப்டாப் பேட்டரி 50 வாட்-ஹவர். அதாவது, 50 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் வரும். 5 வாட் இழுத்தால் பத்து மணி நேரம் வரும். அதில் 74 சதவிகிதம் என்றால் 37 வாட்-ஹவர். இரவு ஒன்பதரையிலிருந்து காலை ஆறே கால் வரை எட்டே முக்கால் மணி நேரம். 37-ஐ 8.75-ஆல் வகுத்தால் 4.2. குறைந்தபட்சம் 4 வாட் சராசரியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நடுராத்திரியிலேயே பேட்டரி தீர்ந்திருந்தால் அதைவிட அதிகம்.

ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு வேர்டு ஃபைலைத் திறந்து வைத்து சும்மா உட்கார்ந்திருந்தாலே பல லேப்டாப்களுக்கு 4, 5 வாட்தான் ஆகும். அதாவது, அவளுடைய லேப்டாப் தூங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே தூங்கும் லேப்டாப் அரை வாட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த ஒரு இரவுக்கு நான்கைந்து வாட்-ஹவர்தான் செலவு. 74 சதவிகிதத்தில் மூடினால் காலையில் 65-க்கு மேல் இருந்திருக்கும்.

சுத்தாத டிஸ்க்குக்கு எதுக்கு கரன்ட்?

பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றும், மோட்டார் ஓடும், கரன்ட் இழுக்கும். அது புரிகிறது. எஸ்எஸ்டி-யில் எதுவும் சுற்றுவதில்லை. நம் டேட்டா இருக்கும் ஃப்ளாஷ் சிப்புக்கு, கரன்ட் இல்லாவிட்டாலும் எல்லாம் நினைவிருக்கும். பென் டிரைவைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டாலும் ஃபைல் அப்படியே இருக்கிறதே, அதே கதைதான்.

அப்படியென்றால் கரன்ட்டைச் சாப்பிடுவது யார்? எஸ்எஸ்டி-க்குள் ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. அது ஒரு குட்டி கம்ப்யூட்டர். எந்த ஃபைலை எந்த மூலையில் வைத்தோம் என்று கணக்கு வைத்திருப்பது, தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை. சில எஸ்எஸ்டி-களில் அதற்கென்று தனியாக ஒரு ரேம் சிப்பும் உண்டு. இதுபோக, மதர்போர்டோடு பேசும் அதிவேகப் பாதை ஒன்று. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். இந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பதற்கே கரன்ட் வேண்டும்.

இப்போது வரும் எம்.2 வடிவ எஸ்எஸ்டி-களில் பெரும்பாலானவை என்விஎம்இ வகை. இவற்றுக்குத் தங்கள் மின்சாரச் செலவைக் குறைத்துக்கொள்ளப் படிப்படியான நிலைகள் உண்டு. ஏணிப்படி மாதிரி. பரவலாக விற்ற ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். சாம்சங் 970 ஈவோ தன்னைப் பற்றி கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கணக்கு இது: முழு வேகத்தில் வேலை பார்க்கும் மேல்படியில் அதிகபட்சம் 6.2 வாட். அடுத்த இரண்டு படிகளில் 4.3, 2.1 வாட். அதற்குக் கீழே தூங்கும் படிகள் இரண்டு. ஒன்றில் 0.04 வாட். கடைசிப் படியில் 0.005 வாட், அதாவது 5 மில்லிவாட்.

மேல்படிக்கும் அடிப்படிக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்! அடிப்படியில் பத்து மணி நேரம் தூங்கினால் 50 வாட்-ஹவர் பேட்டரியில் 0.1 சதவிகிதம்தான் குறையும். அதே எஸ்எஸ்டி, வேலையும் செய்யாமல் தூங்கவும் செய்யாமல் 1 வாட் இழுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால்? பத்து மணி நேரத்தில் 20 சதவிகிதம் காலி. அதுவும் எஸ்எஸ்டி-யின் பங்கு மட்டும்.

அடிப்படியிலிருந்து எழுந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறீர்களா? சில மில்லி செகண்டுகள். நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் பலமுறை எழுந்துவிடும். ஆக, தூங்கினால் வேகம் போய்விடும் என்ற பயத்துக்கு இடமே இல்லை.

தூக்கத்துல மூணு வகை இருக்கு பாஸ்!

'ஸ்லீப்' என்று ஒரே பட்டன்தான் இருக்கிறது. ஆனால், அதற்குப் பின்னால் நடப்பது லேப்டாப்புக்கு லேப்டாப் வேறு.

முதல் வகை, எஸ்3. பழைய காலத்துத் தூக்கம். திறந்திருக்கும் வேலை எல்லாவற்றையும் ரேமில் வைத்துக்கொண்டு, ரேமுக்கு மட்டும் கொஞ்சம் கரன்ட் கொடுத்து, மற்றதை எல்லாம் மதர்போர்டே அணைத்துவிடும். எஸ்எஸ்டி-க்குப் போகும் கரன்ட்டும் பெரும்பாலும் துண்டிக்கப்படும். வீட்டு மெயின் சுவிட்சை இறக்குவது மாதிரி. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மாடர்ன் ஸ்டாண்ட்பை. யோசனை போனிலிருந்து வந்தது. உங்கள் போன் ராத்திரி முழுக்கத் தூங்கிக்கொண்டே வாட்ஸ்அப் மெசேஜையும் வாங்கிக்கொள்கிறதே, எடுத்ததும் சட்டென விழிக்கிறதே, லேப்டாப்பும் அப்படி இருந்தால் என்ன என்று மைக்ரோசாஃப்ட் யோசித்தது. 2012-ல் விண்டோஸ் 8-ல் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று ஆரம்பித்து, 2015-ல் விண்டோஸ் 10-ல் மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. இதில் மெயின் சுவிட்ச் இறங்குவதே இல்லை. கம்ப்யூட்டர் ஆனில்தான் இருக்கும். ஒவ்வொரு பாகமும் தானாகவே மிகக் குறைந்த மின்சார நிலைக்குப் போக வேண்டும். சமீப வருடங்களில் வந்த பல லேப்டாப்களில் இந்த வகை மட்டும்தான். எஸ்3 கிடையவே கிடையாது.

மூன்றாவது, ஹைபர்னேட். ரேமில் இருப்பதை எல்லாம் எஸ்எஸ்டி-யில் எழுதி வைத்துவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். மின்சாரச் செலவு கிட்டத்தட்ட ஷட்டவுன் செய்ததற்குச் சமம். திரும்ப எழுப்பக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால், விட்ட இடத்திலிருந்து எல்லாம் அப்படியே இருக்கும்.

நம் பிரச்னை அந்த இரண்டாவது வகையில்தான்.

மண்டபத்துல கடைசி ஆள் கிளம்பணும்!

கல்யாண ரிசப்ஷன் முடிந்த மண்டபத்தைக் கற்பனை செய்யுங்கள். எல்லோரும் கிளம்பினால்தான் மேனேஜர் விளக்கை அணைப்பார், ஏசியை நிறுத்துவார், கேட்டைப் பூட்டுவார். ஒரு மூலையில் பெரியப்பா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு யாரிடமோ கதை பேசிக்கொண்டிருக்கிறார். அவர் ஒருத்தருக்குத் தேவை ஒரு ட்யூப் லைட்தான். ஆனால், அவர் கிளம்பாதவரை மண்டபம் முழுக்க லைட் எரிந்துகொண்டிருக்கும். வாட்ச்மேனும் தூங்க முடியாது.

மாடர்ன் ஸ்டாண்ட்பை-யிலும் இதுதான் நடக்கிறது. எஸ்எஸ்டி, வைஃபை, யூஎஸ்பி என எல்லாப் பாகங்களும் அடங்கினால்தான் பிராசஸர் தன்னுடைய ஆழ்ந்த தூக்கத்துக்குள் போக முடியும். எஸ்எஸ்டி-யின் அந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை திறந்தே இருந்தால், பிராசஸர் பாதிக் கிணற்றில் நிற்கும். அதற்குத் தேவையான க்ளாக், மின்சார சப்ளை எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனவே, சித்தி மகளின் லேப்டாப்பில் போன 4 வாட்டையும் எஸ்எஸ்டி தனியாகச் சாப்பிடவில்லை. அது சாப்பிட்டது கொஞ்சம். அது தூங்காததால் மற்றவர்கள் சாப்பிட்டது மீதி.

இந்த மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாற வேண்டும். பைக்குள் காற்றோட்டம் கிடையாது. சூடும், அடிக்கடி பூஜ்ஜியம் வரை இறங்குவதும் லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகவே ஆகாத இரண்டு விஷயங்கள். இன்றைக்குப் போவது ஒரு ராத்திரி சார்ஜ். இப்படியே தொடர்ந்தால் பேட்டரியின் ஆயுளும் குறையும்.

எஸ்எஸ்டி ஏன் தூங்க மாட்டேங்குது?

பொதுவாக நான்கு காரணங்கள்.

ஒன்று, பழைய ஃபர்ம்வேர். எஸ்எஸ்டி-யின் கன்ட்ரோலருக்குள் ஓடும் சாஃப்ட்வேரில் பிழை இருந்தால், தூங்கு என்று சொன்னாலும் அது தூங்காது. அல்லது தூங்கிவிட்டு எழ முடியாமல் தடுமாறும். இரண்டாவது பிரச்னை வந்தால் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும் என்பதால், சில எஸ்எஸ்டி-களுக்கு ஆழ்ந்த தூக்கத்தையே சிஸ்டம் தடைசெய்து வைத்திருக்கும்.

இரண்டு, பயாஸ். மூடியதும் எஸ்எஸ்டி-க்குக் கரன்ட்டைத் துண்டிக்கலாமா, அல்லது கரன்ட் கொடுத்தபடியே அடிப்படிக்கு அனுப்ப வேண்டுமா என்பதை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் சொல்வது லேப்டாப்பின் பயாஸ்தான். அது தப்பாகச் சொன்னால் எல்லாம் தப்பாக நடக்கும்.

மூன்று, நாமே மாற்றிய எஸ்எஸ்டி. லேப்டாப்போடு வந்ததை, தயாரித்த கம்பெனி அந்த போர்டோடு வைத்துச் சோதித்திருக்கும். நாம் கடையில் வாங்கி மாட்டியது நல்ல எஸ்எஸ்டி-யாகவே இருக்கலாம். ஆனால், அந்த போர்டோடு அது ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சர்வர்களில் இருந்து கழற்றிய எஸ்எஸ்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடுபவர்களும் உண்டு. சர்வர் 24 மணி நேரமும் விழித்திருக்கும் மெஷின். அதற்கென்று செய்த பல எஸ்எஸ்டி-களில் தூங்கும் படிகளே இருக்காது.

நான்கு, நாமே செய்த 'ட்வீக்'. "இதைச் செய்தால் கேம்ல எஃப்பிஎஸ் ஏறும்" என்று வீடியோ பார்த்து, பவர் செட்டிங்கில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பகுதியில் இருக்கும் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை ஆஃப் செய்து வைத்திருப்போம். எஸ்எஸ்டி-யின் பாதை மூடாமல் இருக்க நாமே முட்டுக்கொடுத்தது மாதிரி. எஃப்பிஎஸ் ஏறியதோ இல்லையோ, பேட்டரி இறங்கும்.

உங்க லேப்டாப்பை நீங்களே செக் பண்ணலாம்

முதல் சோதனைக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். இன்றிரவு சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி சதவிகிதத்தையும் நேரத்தையும் போனில் குறித்துக்கொண்டு மூடுங்கள். காலையில் திறந்ததும் மறுபடி பாருங்கள். மணிக்கு 1 சதவிகிதமோ அதற்கும் குறைவாகவோ இறங்கியிருந்தால் நிம்மதி. மணிக்கு 3, 4 சதவிகிதம் என்றால் யாரோ தூங்கவில்லை.

அடுத்து, உங்கள் லேப்டாப்பில் எந்த வகைத் தூக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று டைப் செய்து, வரும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை ரைட் கிளிக் செய்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். அதில் ஆங்கிலத்தில் பவர் என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள், பிறகு ஓர் இடைவெளி, ஒரு ஸ்லாஷ், அதோடு ஒட்டி ஏ என்ற எழுத்து. என்டர் தட்டினால் ஒரு பட்டியல் வரும். 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று இருந்தால் உங்களுடையது மாடர்ன் ஸ்டாண்ட்பை. 'எஸ்3' இருக்கிறது என்று காட்டினால் பழைய வகை.

மாடர்ன் ஸ்டாண்ட்பை என்றால், அதே கமாண்டில் ஸ்லாஷுக்குப் பிறகு ஏ-க்குப் பதிலாக 'ஸ்லீப்ஸ்டடி' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். ஒரு ரிப்போர்ட் உருவாகி, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் காட்டும். பிரவுசரில் திறந்து பாருங்கள். கடைசி மூன்று நாள்களில் லேப்டாப் எப்போது தூங்கியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு பேட்டரி போனது என்று மார்க் ஷீட் போட்டுக் கொடுத்திருக்கும்.

அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். எஸ்டபிள்யூ என்பது சாஃப்ட்வேர் எவ்வளவு நேரம் அடங்கியிருந்தது என்பது. ஹெச்டபிள்யூ என்பது ஹார்டுவேர் எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்கியது என்பது. இரண்டுமே 90-க்கு மேல் இருந்தால் நல்ல தூக்கம். எஸ்டபிள்யூ குறைவு என்றால் ஏதோ ஆப், அப்டேட், நெட்வொர்க் வேலை தொந்தரவு செய்கிறது. எஸ்டபிள்யூ 95 இருந்தும் ஹெச்டபிள்யூ பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கிறதா? ஆப்கள் எல்லாம் அடங்கியும் ஏதோ ஒரு பாகம் தூங்கவில்லை. ரிப்போர்ட்டிலேயே 'டாப் அஃபெண்டர்ஸ்' என்று குற்றவாளிப் பட்டியலும் இருக்கும். அதில் என்விஎம்இ, ஸ்டோரேஜ் போன்ற பெயர்கள் இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார்.

எல்லாப் பழியையும் எஸ்எஸ்டி மேலேயே போட வேண்டாம். வைஃபை கார்டு, குத்தியபடியே விட்ட மவுஸ் டாங்கிள், யூஎஸ்பி ஹப்கூட காரணமாக இருக்கலாம். அதனால்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, எப்படித் தூங்க வைக்கிறது?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்துவிட்டு ஓர் இரவு பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

முதலில், செய்த ட்வீக்குகளைத் திரும்பப் பெறுங்கள். பவர் பிளானை 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள். உங்கள் மெஷினில் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' தெரிந்தால், பேட்டரியில் ஓடும்போது 'மேக்ஸிமம் பவர் சேவிங்ஸ்' வையுங்கள். பல புது லேப்டாப்களில் அந்த ஆப்ஷனே கண்ணில் படாது. அப்படியென்றால் கவலைப்பட வேண்டாம், சிஸ்டமே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, லேப்டாப் கம்பெனியின் சைட்டில் உங்கள் மாடலுக்கான பயாஸ் அப்டேட். மூன்றாவது, எஸ்எஸ்டி கம்பெனியின் சைட்டில் ஃபர்ம்வேர் அப்டேட். இந்த இரண்டையும் செய்யும்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பாதியில் அணைக்கக் கூடாது. எஸ்எஸ்டி ஃபர்ம்வேருக்கு முன்னால் முக்கியமான ஃபைல்களை வேறு எங்காவது காப்பி எடுத்தே ஆக வேண்டும். இதில் சோம்பேறித்தனம் வேண்டாம் ப்ளீஸ்!

சித்தி மகளின் லேப்டாப்பில் நாங்கள் செய்ததும் இதுதான். ரிப்போர்ட்டில் எஸ்டபிள்யூ 97, ஹெச்டபிள்யூ 0. போன வருடம் இடம் பத்தவில்லை என்று 1 டிபி எஸ்எஸ்டி மாற்றியிருந்தாள். "பேட்டரி எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால், "அதுக்கப்புறம்தான்னு நினைக்கிறேன்" என்றாள். பயாஸ் அப்டேட் செய்தோம். மறுநாள் காலை அதே பூஜ்ஜியம். அடுத்து எஸ்எஸ்டி ஃபர்ம்வேர். மறுநாள் ஹெச்டபிள்யூ 94. ஒன்பது மணி நேரத்துக்கு 5 சதவிகிதம் மட்டுமே இறங்கியிருந்தது.

எல்லோருக்கும் இப்படிச் சுபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். சில எஸ்எஸ்டி-யும் சில போர்டும் என்ன செய்தாலும் ஒத்துப்போகாது. அவர்களுக்குக் கைகொடுப்பதுதான் ஹைபர்னேட்.

'ஹைபர்னேட் பண்ணா எஸ்எஸ்டி தேஞ்சிடும்'... உண்மையா?

இந்தப் பயத்தில்தான் பலர் ஹைபர்னேட் பக்கமே போவதில்லை. எஸ்எஸ்டி-யில் எழுதுவதற்கு ஓர் ஆயுள் வரம்பு உண்டு என்பது உண்மை. ஆனால், கணக்கைப் பாருங்கள். நாம் மேலே பார்த்த அதே மாடலின் 500 ஜிபி எஸ்எஸ்டி-க்கு கம்பெனி சொல்லும் எழுதும் வரம்பு 300 டிபி. ஹைபர்னேட் செய்யும்போது விண்டோஸ் ரேமில் பயன்பாட்டில் இருப்பதைச் சுருக்கித்தான் எழுதும். ஒருமுறைக்கு 6 ஜிபி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு முறை என்றால் 12 ஜிபி. வருடத்துக்கு சுமார் 4.4 டிபி. 300 டிபி-யைத் தொட 68 வருடம் ஆகும். அதற்குள் உங்கள் பேரன் பேத்திக்கு இன்டர்வியூ வந்துவிடும்!

விண்டோஸில் ஹைபர்னேட் பெரும்பாலும் ஒளிந்துதான் இருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டு' என்பதைத் திறந்து, மேலே இருக்கும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' லிங்க்கைத் தட்டினால் கீழே ஹைபர்னேட் என்று ஒரு பெட்டி தெரியும். டிக் செய்து சேவ் கொடுங்கள். அதே பக்கத்தில், பேட்டரியில் இருக்கும்போது மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட் ஆகும்படியும் மாற்றலாம்.

எப்போது எது? கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வருவதற்கு ஸ்லீப் போதும். ராத்திரிக்கும், பஸ், ரயில் பயணத்துக்கும், பைக்குள் போகும் எந்த நேரத்துக்கும் ஹைபர்னேட். இன்னொரு பழக்கமும் நல்லது. சார்ஜரைக் கழற்றிவிட்டு மூடியை மூடுங்கள், மூடிவிட்டுக் கழற்றாதீர்கள். சார்ஜர் இருக்கும்போது மாடர்ன் ஸ்டாண்ட்பை-யில் விண்டோஸ் அப்டேட் அது இதுவென்று தாராளமாக வேலை பார்க்கும். அந்த வேகத்திலேயே பைக்குள் போக வேண்டாமே.

லினக்ஸ் மக்களே, உங்களுக்கும்தான்!

லினக்ஸில் இந்தக் கதை இன்னும் சுவாரஸ்யம். சும்மா இருக்கும்போது எஸ்எஸ்டி தானாகவே படியிறங்கும் வசதிக்கு ஏபிஎஸ்டி என்று பெயர். 2012-ல் வந்த என்விஎம்இ 1.1 விதிகளிலேயே இது இருக்கிறது. ஆனால், லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது 2017-ல், 4.11 பதிப்பில்தான். மூடியை மூடித் தூங்கும்போது கர்னலே எஸ்எஸ்டி-யை அடிப்படிக்கு அனுப்பும் வழி 2019-ல், 5.3-ல் வந்தது. பழைய கர்னலிலேயே இருப்பவர்கள் முதலில் அதை அப்டேட் செய்யுங்கள்.

அடுத்து, சிஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பவர் ஃபோல்டரில் 'மெம் ஸ்லீப்' என்ற ஃபைலைப் பாருங்கள். 'டீப்' என்று இருந்தால் உங்கள் மெஷின் எஸ்3-க்குத் தயார். அதைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்னை தீரும். 'எஸ்2ஐடில்' மட்டும் இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை மாதிரியான தூக்கம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. லேப்டாப் உறைந்து நிற்கிறது என்று தேடினால், என்விஎம்இ-யின் அதிகபட்சத் தாமதத்தைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லி ஒரு பூட் வரி கிடைக்கும். உறைவது நின்றுவிடும்தான். எப்படி நின்றது? ஏபிஎஸ்டி-யை மொத்தமாக அணைத்ததால். எப்போதோ ஒட்டிய அந்த வரி உங்கள் பூட் செட்டிங்கில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் ஆன பிறகு அதை எடுத்துப் பார்க்கலாம். மறுபடி உறைந்தால், பூஜ்ஜியத்துக்குப் பதிலாகச் சிறிய எண் ஒன்றைக் கொடுத்தால், பிரச்னை செய்யும் கடைசிப் படியை மட்டும் தவிர்த்து அதற்கு முந்தைய படி வரை இறங்க வைக்கலாம். 0.04 வாட் ஒன்றும் மோசமில்லையே!

புது எஸ்எஸ்டி வாங்கப் போறீங்களா?

ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, எஸ்எஸ்டி வாங்கும்போது எல்லோரும் கேட்பது வேகம், விலை, வாரன்டி. லேப்டாப்புக்கு என்றால் நான்காவதாக ஒன்றையும் பாருங்கள். கம்பெனி சைட்டில் இருக்கும் டேட்டா ஷீட்டில் 'ஸ்லீப்' அல்லது 'எல்1.2' என்ற பெயரில் ஒரு மின்சார அளவு இருக்கும். 5 மில்லிவாட்டை ஒட்டி இருந்தால் நல்லது. அந்த வரியே இல்லை, 'ஐடில்' என்று வாட் கணக்கில் மட்டும் போட்டிருக்கிறார்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் லேப்டாப் மாடலில் அதே எஸ்எஸ்டி-யைப் போட்டவர்கள் ரிவ்யூவில் பேட்டரி பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பழைய லேப்டாப்பில் சாட்டா எஸ்எஸ்டி போடுபவர்களுக்கும் இதே விதி உண்டு. அதில் இந்த அடிப்படிக்கு 'டெவ்ஸ்லீப்' என்று பெயர். 2013-ல் சாட்டா 3.2 விதிகளில் வந்தது. டேட்டா ஷீட்டில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால், உங்கள் லேப்டாப் எஸ்3-ல் தூங்கும் வகை என்றால் இதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. மெயின் சுவிட்ச்தான் இறங்கிவிடுமே!

சித்தி மகளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. இரண்டாவது ரவுண்டுக்கு அதே இரவு பஸ்ஸில்தான் வந்தாள். ஏறுவதற்கு முன் ஸ்லைடுகளை சேவ் செய்து, ஹைபர்னேட் கொடுத்து, விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாளாம். காலையில் திறந்தபோது எவ்வளவு என்று கேட்டேன். "வெச்சதும் 81, எடுத்ததும் 81 அண்ணா" என்றாள்.

உங்களுடையது எவ்வளவு? இன்றிரவு மூடும்போது ஒருமுறை குறித்து வையுங்கள்.